தேசிங்குராஜன் குதிரைக்குப் பெயர் உண்டு: செஞ்சியும் எழுதப்படாத பொறியியலும்

1

செஞ்சிக் கோட்டையைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1597இல் அங்கே வந்துபோன சேசு சபைப் பாதிரியார் பிமென்டா, லிஸ்பனை விட்டுவிட்டால் போர்ச்சுகல்லிலேயே இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்கிற அளவுக்கு வியந்து எழுதினார். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். மதில்களும் அகழிகளும் கொத்தளங்களும் புதிதாக எழும்பிய விதத்தைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியர் வேலைக்கு இது சளைத்ததில்லை என்று அடுத்த வருஷமே ஆந்திரே பிரெய்ரே என்ற இன்னொரு பாதிரியார் கடிதம் போட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ எழுதினார். 1943இல் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார். இவற்றுக்கெல்லாம் அப்பால் தேசிங்குராஜன் கதை. 1714இல் செத்துப்போன ஒரு இளைஞனை இந்த வட்டாரத்து வாய்மொழி மரபு இன்னும் சாகவிடவில்லை. அவன் ஏறிய குதிரை பாராசாரி என்பதுகூட ஜனங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு எழுத்தையும் பாட்டையும் ஒரு பொறியாளனாக உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. யார் கட்டினார், எப்போது கட்டினார், யாரிடமிருந்து யார் பிடித்தார் என்பதற்கெல்லாம் இவற்றில் பதில் இருக்கிறது. ஆனந்தக் கோன், நாயக்கர்கள், 1649 முதல் பீஜப்பூர்க்காரர்கள், பிறகு மராட்டியர், 1690இலிருந்து 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்த மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று வரிசை தப்பாமல் சொல்லிவிடலாம். எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால் மட்டும் அத்தனை பிரதிகளும் வாயை மூடிக்கொள்கின்றன. குதிரைக்குப் பெயர் உண்டு. கல்யாண மகாலுக்குத் தண்ணீர்க் குழாய் பதித்தவனுக்குப் பெயர் கிடையாது. அவன் கைவேலைக்குக் குறிப்பும் கிடையாது.

இந்த மௌனத்தைத் ‘தமிழனுக்கு வரலாற்றுணர்வு இல்லை’ என்ற பழைய பல்லவியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தேசம் எனக்கில்லை. அது காலனியம் கட்டமைத்த சொல்லாடல். அதைத் திருப்பிச் சொல்ல இன்னொரு கட்டுரை தேவையில்லை. என் அக்கறை வேறு. எதை எழுதினோம், எதை எழுதாமல் விட்டோம், அந்தத் தேர்வின் பின்னால் இருந்த அதிகாரம் எது, அதே தேர்வை இன்றைய பொறியாளர்களாகிய நாம் ஏன் தொடர்கிறோம் என்பவைதான் இங்கே பேசப்பட வேண்டியவை.

2

கல்யாண மகாலை எடுத்துக்கொள்வோம். நாலாபுறமும் அறைகள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே எட்டு அடுக்குகளாக எழுந்து கூம்புக் கூரையில் முடிகிற சதுரக் கோபுரம். ஏறத்தாழ 80 அடி உயரம் என்பார்கள். கோட்டைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லப்படுகிற, கையேடுகளில் திரும்பத் திரும்ப அச்சாகிற செய்தி ஒன்று உண்டு: சுமார் 500 கஜம் தள்ளி இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக இந்தக் கோபுரத்தின் ஆறாவது தளம் வரைக்கும் தண்ணீர் ஏறியது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். ‘மோட்டார் இல்லாத காலத்துல, பாத்துக்குங்க’ என்பார். கேட்கிறவர்களும் ‘அப்படியா!’ என்று மேலே அண்ணாந்து பார்ப்பார்கள்.

மோட்டார் தேவையில்லை என்பது ஒன்பதாம் வகுப்புப் பௌதிகம். தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். மலைச்சரிவில், கோபுரத்து ஆறாவது தளத்தை விட உயரத்தில் தண்ணீர் நின்றால், மூடிய குழாய் வழியாக அது அந்தத் தளம் வரைக்கும் ஏறியே தீரும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சிரமமான காரியம் வேறே இடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 50 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தினால், கோபுரத்தின் அடியில் இருக்கும் குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒன்றரைக் கிலோ அழுத்தம் விழும். சுடுமண் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். குழாயை விட, குழாயும் குழாயும் சேர்கிற மூட்டு தாங்க வேண்டும். ஒரு துண்டு ஒரு முழ நீளம் என்று வைத்துக்கொண்டால் 500 கஜத்துக்கு ஆயிரம் மூட்டுகள் ஆகின்றன. ஆயிரத்தில் ஒன்று கசிந்தாலும் மேலே தண்ணீர் வராது. ஆகவே இதைச் செய்தவர்களுக்கு மண்ணைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்; சூளையின் பதம் தெரிந்திருக்க வேண்டும்; மூட்டுக்கு வைக்கிற சுண்ணாம்புக் கலவையின் சேர்மானமும், அதை எத்தனை நாள் காயவிட்டுப் பிறகு தண்ணீர் திறப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வண்டல் அடைத்துக்கொண்டால் எந்த இடத்தில் திறந்து சுத்தம் செய்வது, மூட்டு விட்டுப்போனால் தோண்டாமலே எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பராமரிப்பு அறிவு இன்னொரு பக்கம் வேண்டும். ஒரு தலைமுறைக்காவது அங்கே தண்ணீர் ஓடியது என்றால், இதையெல்லாம் கையில் வைத்திருந்த ஆட்கள் அங்கே சம்பளத்துக்கோ மானியத்துக்கோ இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர்கள் எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் நம் கைக்கு வந்து சேரவில்லை. எழுத்து இல்லாத இடத்தில் வியப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மர்மம் என்பது தொலைந்துபோன தொழில்நுட்பக் குறிப்புக்கு நாம் வைத்திருக்கிற செல்லப்பெயர். ராஜகிரி உச்சிக்குப் போகிற வழியில் உள்ள பிளவின் மேல் போட்டு எடுக்கிற பாலமும் இப்படித்தான். ‘அந்தக் காலத்து ஆளுங்க வேற’ என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் காலத்து ஆள் செய்த வேலையைப் புரிந்துகொள்ளும் கடமையிலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. வியந்து போற்றுவது ஒருவகையில் மறப்பதற்கான உத்தி.

3

இங்கே ஒரு மறுப்பு வரும். தமிழ்நாட்டுக்காரனைப் போல எழுதித் தள்ளியவன் யார்? கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் எத்தனை ஆயிரம் சாசனங்கள்!

மெய்தான். உத்திரமேரூரில் முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது, ஏரி வாரியத்துக்கு எத்தனை பேர், எத்தனை நாள் என்று நுணுக்கமாகப் பேசுகின்றன. ஒரு நிர்வாகப் பிரதி என்ற வகையில் அவற்றுக்கு ஈடு சொல்வது கஷ்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளோ ஆடல் மகளிர் 400 பேருக்கு வீடு ஒதுக்கியதிலிருந்து விளக்குக்கு விட்ட ஆடுகள் வரைக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. அங்கே தச்சனுக்குக்கூடப் பெயர் உண்டு: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். ஆனாலும் 200 அடிக்கு மேல் உயர்ந்த அந்த விமானத்தின் உச்சிக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்பதற்குச் சாரம் என்றும் சாய்தளம் என்றும் நாம் ஊகம்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஏரி வாரியத்தின் பதவிக்காலம் கல்லில் இருக்கிறது. அந்த ஏரியின் மதகு எப்படி இறக்கப்பட்டது என்பது கல்லில் இல்லை.

இந்தப் பிரதிகளுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. இவை கொடுத்ததையும் பெற்றதையும் செலவழித்ததையும் பதிவு செய்கின்றன. பிற்காலத்தில் வழக்கு வந்தால் காட்டுவதற்காக எழுதப்பட்டவை. கணக்கு எழுத்து, உரிமை எழுத்து என்று இவற்றைச் சொல்லலாம். வேலை எழுத்து என்று ஒன்று இவற்றுக்குள் வரவேயில்லை.

‘சிற்ப சாஸ்திரங்கள் இருக்கிறதே’ என்பார்கள். மயமதமும் மானசாரமும் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக மயமதத்தை புரூனோ தாழான்ஸ் அக்கறையோடு பதிப்பித்தும் இருக்கிறார். ஆனால் அவை எப்படிக் கட்ட வேண்டும் என்று விதிக்கிற நூல்கள். ‘இந்த இடத்தில், இந்தப் பாறையில், இந்த வருஷம் நாங்கள் இப்படிக் கட்டினோம், விதிப்படி வராததால் இன்ன இடத்தில் இப்படி மாற்றினோம்’ என்று ஒரு வரியும் அவை சொல்லா. விதி எல்லா இடத்துக்கும் ஒன்று. மண் இடத்துக்கு இடம் வேறு. பழுது பார்க்க வருகிறவனுக்கு விதியை விட, விதி எங்கே மீறப்பட்டது என்ற செய்திதான் வேண்டும்.

4

வேலை எழுத்து ஏன் வரவில்லை? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, ரகசியம். செஞ்சி கோட்டை, கோயில் கிடையாது. கோட்டைக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதுதான் முற்றுகை போடுகிறவன் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது. குழாயின் தடத்தை ஓலையில் வரைந்துவைப்பது எதிரிக்குச் சாவி செய்துகொடுப்பதற்குச் சமம். எட்டு வருஷம் முற்றுகையில் கிடந்த ஒரு கோட்டையில் எழுதாமை என்பது அறிந்தே கடைப்பிடித்த கொள்கையாகவும் இருந்திருக்கலாம். இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது, பிழைப்பு. குழாய் செய்கிற குயவர், கல் உடைக்கிற ஒட்டர், கல்தச்சர், சுண்ணாம்பு அரைக்கிறவர் எல்லோருக்கும் கைத்தொழில் நுணுக்கம்தான் சொத்து. நிலமும் இல்லை, அதிகாரமும் இல்லை. இருக்கிற ஒரே சொத்தை ஊருக்குப் பொதுவாக எழுதிவைத்துவிட்டு அடுத்த வேளைக்கு எங்கே போவது? அப்பன் பிள்ளைக்குக் கையைப் பிடித்துக் காட்டுவான். மருமகனுக்குக்கூடப் பாதியைத்தான் காட்டுவான். இதையும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். எழுத்தாணி யார் கையில் இருந்தது? கணக்கு எழுதியவர் கல்லைத் தொட்டதில்லை. கல்லைத் தொட்டவருக்குக் கணக்குப் பலகையில் இடமில்லை. சாதி அடுக்கு அறிவை இரண்டாகப் பிளந்து, எழுதப்படுவதை அறிவு என்றும், கையால் செய்யப்படுவதைக் கூலிவேலை என்றும் பெயர் சூட்டியது. பூக்கோவை இழுத்துவந்து அறிவும் அதிகாரமும் ஒன்றோடொன்று பின்னியவை என்று கொஞ்சகாலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே, அதற்கு ஐரோப்பியச் சிறைச்சாலைக்குப் போகவேண்டாம். செஞ்சிக் குழாயே போதும். குழாய் போட்டவனுக்குத் தெரிந்தது எழுதத் தகுந்த விஷயமாகவே எவர் கண்ணுக்கும் படவில்லை. அவனோடு அதுவும் மண்ணுக்குள் போனது.

5

செஞ்சிக்குக் கிழக்கே இருக்கிற புதுச்சேரியில் அப்போது வேறொரு பழக்கம் இருந்தது. பிரான்சில் வோபான் வகுத்த கோட்டைக் கலை, படமாகவும் நூலாகவும் கப்பல் ஏறக்கூடிய சரக்கு. 1706இல் முடிந்த புதுச்சேரி லூயி கோட்டை, தூர்னே நகரத்துக் கோட்டையை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. அதாவது காகிதம் கடல் கடந்து வந்து இங்கே மதிலாக நின்றது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது பழைய தெருக்களின் அமைப்பின் மேலேயே ஊரை மறுபடி எழுப்ப முடிந்தது. டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் வரைந்துவைத்த அந்த ஊர்ப் படங்களை வைத்து, ழான் தெலோஷ் பிற்பாடு புதுச்சேரியின் பிறப்பையே நமக்கு எழுதிக் காட்டினார்.

அதே தெலோஷ் செஞ்சிக்கு வந்தபோது செய்யவேண்டியிருந்த வேலையைப் பாருங்கள். கட்டியவர்களின் குறிப்பு இல்லாததால் மதிலையே பிரதியாக வாசிக்க வேண்டியதாயிற்று. கல் அடுக்கிய விதம், கொத்தளத்தின் வடிவம், மதில் முகப்பின் கைப்பிடிச் சுவர், வாசல்களின் திருப்பம் இவற்றை வைத்து, எது நாயக்கர் வேலை, எது பீஜப்பூர் வேலை, எது மராட்டியர் ஒட்டுப்போட்டது என்று அடுக்கடுக்காகப் பிரித்தார். அவருடைய செஞ்சி நூல் 2000இல் பிரெஞ்சில் வந்தது. 2005இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு அறிஞர் பல வருஷம் கல்லோடு பேசிப் பெற்றதில் ஒரு பகுதியை, கட்டியவர்கள் பத்து ஓலையில் சொல்லியிருக்க முடியும்.

காலனிய ஆவணத்தைக் கொண்டாட நான் வரவில்லை. அவர்கள் படம் வரைந்தது பிடிப்பதற்கும் வரி போடுவதற்கும். 1883இல் சென்னை மாகாணம் ஏரிப் புனரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சத்தில் அடிபட்ட அரசுக்கு ஏரியும் வேண்டும், ஏரிப் பாசனத்து வரியும் வேண்டும். ஆட்கள் ஏரி ஏரியாகப் போய் நீர்வரத்துப் பரப்பு, கரையின் நீளம், மதகின் மட்டம், கலங்கலின் அகலம் என்று அளந்து, ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு குறிப்பேடு போட்டார்கள். ‘டேங்க் மெமாயர்’ என்று பொதுப்பணித்துறையில் சொல்வது இதைத்தான். நோக்கம் எதுவாக இருந்தாலும் பலன் இன்றைக்கும் நிற்கிறது. ஓர் ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் எது, எவன் கலங்கலை உயர்த்தினான் என்று தகராறு வந்தால் அந்தக் குறிப்பேட்டைத் தேடித்தான் ஓடுகிறோம்.

பெரியாறு அணை இன்னொரு உதாரணம். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த வேலையில் பென்னிகுயிக்கின் பெயரை எல்லோரும் அறிவார்கள். அவரோடு வேலை பார்த்த ஏ.டி. மெக்கன்சி என்ற பொறியாளர், அணை கட்டிய வரலாற்றை எழுதி 1899இல் அரசு அச்சகத்தில் அச்சிட்டார் என்பதைப் பலர் அறியார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த அந்த அணையின் பலம் 1979க்குப் பிறகு இரண்டு மாநிலங்களின் சண்டையாக, உச்ச நீதிமன்றத்தின் 2006, 2014 தீர்ப்புகளாக நீண்டது. கட்டிய முறையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கைக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. கல்யாண மகாலின் குழாய்க்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் காகிதத்தில் ஏறியது எல்லாம் அறிவு முழுவதும் ஆகிவிடாது. ஓர் ஊர் ஏரியின் மதகுக் குழாய் அடைத்துக்கொண்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். படத்தில் குழாய் நேர்கோடாகப் போயிருந்தது. படத்தை நம்பித் தோண்டினோம், வெறும் மண். ஒரு வயதான நீர்க்கட்டி கரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘பெரியவரே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?’ என்று கேட்டேன். ‘அது நேராப் போவல சார். கீழ பாறை வந்துச்சுன்னு எங்க அப்பாரு காலத்துல மேக்கால வளைச்சி உட்டாங்க. இங்க நோண்டுங்க’ என்று கைத்தடியால் ஒரு கோடு கிழித்தார். மூன்றடியில் குழாய் தட்டுப்பட்டது. ‘இதை ஏன் முதல்லயே சொல்லல?’ என்றார் மேஸ்திரி. ‘யாரு கேட்டீங்க?’ என்றார் அவர்.

நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். எந்த மடையை எந்த வேளையில் எத்தனை விரற்கடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்பது அவர்களுடைய அறிவு. 1883இன் அளவையாளரும் அவர்களைக் கேட்டு எழுதவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நாங்களும் எழுதவில்லை. ஏரியின் அளவு குறிப்பேட்டுக்குள் போயிற்று. ஏரியை நடத்துகிற அறிவு வெளியே, கரை மேலேயே உட்கார்ந்திருந்தது.

இது ஏதோ பின்தங்கிய நாட்டுச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். அமெரிக்கர்களை நிலாவுக்கு அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினுக்குப் படங்கள் பத்திரமாக இருந்தன. ஆனாலும் நாசாவின் இளம் பொறியாளர்கள், மிச்சமிருந்த பழைய எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பாடம் படிக்கவேண்டியதாயிற்று. 2013 வாக்கில் இது பரவலாகப் பேசப்பட்டது. ஒவ்வொரு எஞ்சினிலும் பற்றவைப்பவர் தன் கைப்பழக்கத்தால் செய்த சின்னச் சின்ன மாற்றங்கள் படத்தில் ஏறாமலே போயிருந்தன. செஞ்சிக் குயவனுக்கும் அந்த வெல்டருக்கும் நடுவில் கால இடைவெளி பெரியது. விஷயம் ஒன்றுதான்.

6

இப்போது நம் கதைக்கு வருவோம். செஞ்சியில் எழுதாமல் போனதற்கு நான் சொன்ன மூன்று காரணங்களில் எது நமக்குப் பொருந்தும்? நாம் கட்டுவது பள்ளிக்கூடமும் பாலமும் குடிநீர்த் தொட்டியும். முற்றுகையிட எந்த ஜுல்பிகர்கானும் வரப்போவதில்லை. எழுத்தாணி நம் கையிலேயே இருக்கிறது, பட்டமும் வாங்கியிருக்கிறோம். மாதச் சம்பளம் வருவதால், எழுதினால் பிழைப்புப் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. பிறகு ஏன்?

நாம் எழுதாமல் இல்லை. எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். எஸ்டிமேட், டெண்டர், எம்-புக், பில் என்று வாழ்நாளில் பாதி எழுத்திலேயே போகிறது. எம்-புக்கில் ஓர் அடித்தல் இருந்தால் ஆடிட்டில் உயிரை எடுத்துவிடுவார்கள் என்பதால் அதைக் கோயில் கல்வெட்டு மாதிரி பயபக்தியோடு எழுதுகிறோம். கவனித்தால் அது கல்வெட்டேதான். எத்தனை கன மீட்டர், என்ன விலை, யாருக்குப் பணம் என்ற கணக்கு எழுத்து. ஆயிரம் வருஷமாக நாம் நன்றாக எழுதத் தெரிந்துகொண்ட எழுத்து. தோண்டும்போது பாறை வந்ததா, கம்பியை எங்கே மாற்றிக் கட்டினோம், எந்த வால்வைத் தரைக்குள் புதைத்தோம் என்ற வேலை எழுத்துக்கு எந்தக் கட்டமும் அதில் கிடையாது. கட்டி முடித்தபின் உள்ளபடி வரையவேண்டிய படத்தை, பழைய டிசைன் படத்தின் மேல் ‘கட்டப்பட்டபடி’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தாக்கல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. வாசகர்களில் பொறியாளர்கள் இருந்தால் மனசுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘அது எனக்கு மட்டும்தான் தெரியும்’ என்பதில் ஒரு சுகம். வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளை அர்த்தராத்திரியிலும் ஜீப் அனுப்பிக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்களும் இதையே சொல்கிறார்கள்: தான் எழுதிய புரோகிராமுக்கு விளக்கம் எழுதாதவனை வேலையை விட்டு அனுப்ப முடியாது. செஞ்சிக் குயவன் மறைத்தது வயிற்றுப்பாட்டுக்காக. அவனுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. நமக்கு அது அதிகாரம். தெரிந்திருப்பதை விட, தெரிந்ததை அடுத்தவனுக்குத் தராமல் இருப்பதில்தான் இந்த அதிகாரம் குடியிருக்கிறது. எழுதாத பொறியாளனைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது அவனுக்குச் சலுகை.

நான் பாடம் சொல்லித்தரும் பாலிடெக்னிக் மாணவர்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் நாலு பக்கம் எழுதுங்கள். படத்திலிருந்து எங்கே விலகினீர்கள், ஏன் விலகினீர்கள், எது முதல் தடவை சரியாக வரவில்லை, என்ன செய்து சரிப்படுத்தினீர்கள், பழுது வந்தால் எங்கே கைவைக்க வேண்டும், எங்கே கைவைக்கக் கூடாது. நாலாவது பக்கத்தின் கீழே, வேலை செய்த கொத்தனார், பிட்டர், வெல்டர் பேர்களை எழுதுங்கள். அவர்கள் சொன்ன யோசனையை அவர்கள் பேரிலேயே எழுதுங்கள். ‘சார், இதுக்கு மார்க் உண்டா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மார்க் கிடையாது. பதவி உயர்வுக்கும் இது கணக்கில் வராது. கணக்கில் வரும்படி விதியை மாற்றவேண்டியது துறைத் தலைவர்களின் வேலை. மாற்றும் வரைக்கும் எழுதாமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது.

அதைத் தமிழில் எழுதுங்கள் என்றும் சொல்கிறேன். கைப்பம்பையும் மின்மோட்டாரையும் குடிநீர்த் தொட்டியையும் நாள்தோறும் இயக்குகிறவர் தமிழ் படிப்பவர். அவருக்குக் கொடுக்கப்படுகிற கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அலுவலக பீரோவில் பூட்டியும் இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் எழுத்துக்கும் கல்தச்சனின் கைக்கும் நடுவில் முன்பு சாதி நின்ற இடத்தில் இப்போது ஆங்கிலமும் சேர்ந்து நிற்கிறது. வால்வு, கேஸ்கெட், பேரிங் என்று பட்டறையில் புழங்குகிற சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் போதும். தூய தமிழ்க் கலைச்சொல் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் குழாய் அடைத்துக்கொள்ளும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. கோன்களும் நாயக்கர்களும் கட்டியதற்கு மராட்டியர் பெயரா என்ற விவாதம் நடக்கட்டும். அதுவும் ‘யார்’ என்ற பழைய கேள்விதான். நான் கவலைப்படுவது இனிமேல் நடக்கப்போகிற வேலைகளைப் பற்றி. மதில் சரிந்த இடத்தில் கல் மறுபடி அடுக்கப்படும், சுதை பூசப்படும், குளம் தூர் வாரப்படும். நினைவுச் சின்னங்களைப் பழுது பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஜான் மார்ஷல் 1923லேயே தொல்லியல் துறைக்குக் கையேடு எழுதிக் கொடுத்தார். விதி இருக்கிறது. மயமதத்தைப் பற்றிச் சொன்னதையே இதற்கும் சொல்வேன்: விதியோடு கூட, அங்கே உள்ளபடி நடந்தது என்ன என்பதும் வேண்டும். எந்தச் சுவரில், எந்த வருஷம், எந்தச் சுண்ணாம்பு, எத்தனை பங்கு மணல், கலந்தது யார்? இந்தக் குறிப்பு செஞ்சி ஊரிலேயே, அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற தமிழில், கேட்டால் எடுத்துத் தருகிற இடத்தில் இருக்கவேண்டும். அங்கே சாந்து குழைக்கிற கொத்தனாரின் பெயர் முதல் பக்கத்தில் வரட்டும்.